அரிசி அலமாரி காலி, பாட்டிக்கு யார் வாங்கித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை சிங்கப்பூரில் கொரோனா கிருமித்தொற்றால் ‘டோர்ஸ்கான்’ என்னும் நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தது என்று செய்தி வந்ததுதான் தாமதம், தோ பாயோவில் எங்கள் வீட்டருகே உள்ள பேரங்காடியில் அன்றிரவே அரிசி அலமாரி காலி. மேகி மீ கூட மிஞ்சவில்லை. கழிவறைத் தாளுக்கு ஏன் அத்தனை அடிதடியோ, நம் வீடுகளில் தண்ணீர்தானே!

மறுநாள் தைப்பூசம். தேங்காயும் பழமும் வாங்க வேண்டியவர்கள் அரிசிக்கு அலைந்தார்கள். அதன்பின் ஆளுக்கு இவ்வளவுதான் என்று பேரங்காடிகள் வரம்பு வைத்தது சரி. ஆனால் தனியாக வாழும் முதியவர்கள் வரிசையில் முண்டியடிக்க முடியுமா? காலையில் முதல் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கலாமே.

அப்புறம், முகக்கவசம். வீட்டுக்கு நான்கு என்று அரசாங்கம் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சாமி மாடத்தில் விபூதித் தட்டோடு வைத்திருக்கிறார். “உடம்பு சரியில்லாட்டி மட்டும் போடணுமாம். எந்த இருமலுக்குப் போடுறது?” என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அவரிடம் வாட்ஸ்அப் கிடையாது. பேத்தி சொல்வதுதான் செய்தி.

2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு வெப்பமானி கொடுத்து, காய்ச்சல் பார்க்கப் பழக்கினார்கள். அதுபோல வசிப்போர் குழுவினர் வீடு வீடாக வந்து முதியவர்களுக்குத் தமிழிலும் விளக்க வேண்டும். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பில் தமிழ் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

ஒரு வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்