உயிரியல் பூங்காக்களின் பின்பக்கக் கூண்டுகளையும் பதிவேடுகளையும் ஆய்வு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
செயலர் அவர்கள்,
உயிரியல் பூங்காக்களுக்கு உரிமம் வழங்கும் துறை.

அனுப்புநர்:
பூங்காப் பார்வையாளர்கள் மற்றும் விலங்கு நல ஆர்வலர்கள்.

பொருள்: விலங்குகள் அடைக்கப்படும் இரவுக் கூண்டுகளை முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்தல், விலங்குகளைத் துன்புறுத்தும் காட்சிகளை நிறுத்துதல், இறப்புப் பதிவேடுகளைப் பொதுப் பார்வைக்கு வைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

வணக்கம். உயிரியல் பூங்காக்களையெல்லாம் இழுத்து மூடுங்கள் என்று கேட்பதற்காக இந்த மனுவை எழுதவில்லை. கையெழுத்திட்ட எங்களுக்குள்ளேயே அதில் ஒருமித்த கருத்து கிடையாது. பூங்காவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறோம், அழிந்துவரும் இனங்களுக்கு அது தேவை என்பவர்களும் இருக்கிறோம். மூடுவது என்றே முடிவெடுத்தாலும் அது ஒரே நாளில் நடக்காது. கோஸ்டா ரிக்கா நாடு தன் அரசுப் பூங்காக்களை மூடப்போவதாக 2013-ல் அறிவித்தது. ஒப்பந்தச் சிக்கல்களைத் தாண்டி உண்மையிலேயே மூட 2024 ஆகிவிட்டது. அந்தப் பதினோரு ஆண்டும் விலங்குகள் அங்கேதான் இருந்தன. ஆகவே கொள்கை விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கு உள்ளே இருக்கும் விலங்கு எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குப் பதில், பார்வையாளர் நடக்கும் பாதையிலிருந்து பார்த்தால் கிடைக்காது.

காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும் ஒரு பூங்காவை எடுத்துக்கொள்வோம். மரம், புல், குளம் என்று நாம் பார்த்து மகிழும் இடத்தில் விலங்கு இருப்பது 8 மணி நேரம். மீதி 16 மணி நேரம் பின்னால் இருக்கும் இரவுக் கூண்டில். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றால், அந்த நாளில் திறந்துவிட ஆள் இல்லாத இடங்களில், முந்தைய நாள் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை தொடர்ச்சியாக 40 மணி நேரம் அடைப்பு. புலி, சிறுத்தை போன்றவை அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும். சரியாக அந்த நேரத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது. அப்படியிருக்க, அகழியின் அகலத்தையும் புல்வெளியின் பரப்பையும் அளந்துவிட்டு உரிமத்தைப் புதுப்பித்தால், அந்த விலங்கின் வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

மோசமான இரவுக் கூண்டு எப்படி இருக்கும் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியாததில்லை. சிமென்ட் தரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. வாட்டம் சரியில்லாத தரையில் சிறுநீர் தேங்கும். படுக்க வைக்கோலோ பலகையோ இருக்காது, கழுவுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எடுத்துவிடுவார்கள். காட்டில் நாளெல்லாம் மண்ணில் நடந்து தேயவேண்டிய யானையின் கால் நகம் இங்கே தேயாமல் வளர்ந்து வெடிக்கிறது. ஈரத்தில் பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது. பாதப் புண்ணும் மூட்டு வலியும் முற்றி எழுந்து நிற்க முடியாமல் போய், வேறு வழியின்றிக் கருணைக்கொலை செய்யப்பட்ட பூங்கா யானைகள் உலகெங்கும் உண்டு. இதற்கு மருந்தைவிடத் தரைதான் முக்கியம். மணல் பரப்பிய தரை, வடிகால், இரவிலும் நடக்க இடம், இவ்வளவுதான் தேவை.

கூண்டுக்குள் இங்குமங்கும் ஓயாமல் நடக்கும் புலியைப் பார்த்து, “எவ்வளவு சுறுசுறுப்பு பாரு” என்று குழந்தைக்குக் காட்டும் பெற்றோரை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, மணிக்கணக்கில் நடப்பது சுறுசுறுப்பில் சேராது, அடைபட்டுக் கிடப்பதால் வரும் மன அழுத்தத்தின் அறிகுறி அது. யானை நின்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதும், ஒட்டகச்சிவிங்கி வெறும் கம்பியை நக்கிக்கொண்டே இருப்பதும், கிளி தன் இறகைத் தானே பிடுங்கி மார்பை வெறுமையாக்கிக்கொள்வதும் இந்த வகைதான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் கஸ் என்ற பனிக்கரடி மணிக்கணக்கில் எட்டு வடிவத்தில் நீந்திக்கொண்டே இருந்தது 1994-ல் பெரிய செய்தியானது. பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். உணவைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்தும், ஒளித்துவைத்தும், அதைத் தேடித் தின்னும் வேலையைக் கரடிக்குக் கொடுத்தார்கள். பழக்கம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. 2003-ல் நேச்சர் ஆய்விதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை காரணத்தைத் தெளிவாகச் சொன்னது: காட்டில் எந்த ஊனுண்ணி அதிகத் தூரம் அலைகிறதோ, அதுதான் கூண்டில் அதிகம் இப்படி நடக்கிறது, அதன் குட்டிகளும் அதிகம் சாகின்றன. பனிக்கரடிக்குப் பூங்காவில் வழக்கமாகக் கிடைக்கும் இடம், காட்டில் அது உலவும் மிகக் குறைந்த பரப்பிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கூண்டைக் கொஞ்சம் பெரிதாக்கித் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்று இதை எங்களால் நம்ப முடியவில்லை. சில இனங்களைப் பூங்காவில் வைக்கவே கூடாது என்று துறை முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்தியாவின் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-ல் யானைகளை உயிரியல் பூங்காக்களில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது முன்னுதாரணமாக இருக்கிறது.

யானையும் புலியும் பேசப்படும் அளவுக்குச் சின்ன உயிர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புற ஊதாக் கதிர் கிடைக்காத கண்ணாடிப் பெட்டியில் வளரும் உடும்பு, ஓணான் வகைகளுக்கு எலும்பு மெலிந்து வளைந்துவிடுகிறது. ஆந்தையைப் பகல் வெளிச்சத்தில், ஒதுங்க மறைவிடம் இல்லாமல் வைக்கிறார்கள், பார்வையாளருக்குத் தெரிய வேண்டுமே என்று. கூட்டமாக வாழும் குரங்கைத் தனியாகவும், தனியாக வாழும் விலங்கை ஜோடியாகவும் அடைப்பதும் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது நேரடியான துன்புறுத்தல். யானைச் சவாரிக்கும், வித்தை காட்டுவதற்கும், புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கும் கட்டணம் வாங்கும் பூங்காக்கள் உலகில் இன்னும் இருக்கின்றன. மனிதர் மடியில் குட்டி சும்மா இருக்க வேண்டும் என்றால், பால்குடி மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அப்புறம் அது வளர்ந்து படத்துக்கு ஆகாமல் போனதும் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. யானையை அங்குசத்தால் குத்தித்தான் பழக்க வேண்டும் என்ற வாதமும் இனி எடுபடாது. பராமரிப்பாளர் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு, பழம் கொடுத்துப் பழக்கியே கால் தூக்க வைத்து, நகம் வெட்டி, ரத்தம் எடுக்கும் முறை பல பூங்காக்களில் நடைமுறையில் இருக்கிறது. அது யானைக்கும் நல்லது, பராமரிப்பாளர் உயிருக்கும் நல்லது.

பார்வையாளர்களான எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. தாய்லாந்தில் ஒரு குளத்தில் வைத்திருந்த கடலாமையின் வயிற்றிலிருந்து 2017-ல் 915 நாணயங்களை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அதிர்ஷ்டம் வரும் என்று மக்கள் வீசியவை, ஏறக்குறைய 5 கிலோ எடை. சில வாரங்களில் அந்த ஆமை இறந்துவிட்டது. முதலை அசைகிறதா என்று கல் எறிவது, கண்ணாடியைத் தட்டுவது, பிளாஸ்டிக் உறையோடு தின்பண்டம் போடுவது எல்லாம் இதில் சேரும். இதற்கு “விலங்குகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்” என்ற பலகை மட்டும் போதாது. கூட்டம் அதிகம் நிற்கும் இடத்தில் ஒரு ஆள் வேண்டும், அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும், விலங்கு பார்வையிலிருந்து ஒதுங்க ஒரு மறைவு வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நிர்வாகங்கள் விரும்புவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழியைப் பராமரிப்பாளர் மேல் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த சம்பளத்தில், பெரும்பாலும் ஒப்பந்த வேலையில், போதிய பயிற்சியில்லாமல், அளவுக்கு மீறிய கூண்டுகளை ஒருவரே பார்த்துக்கொள்கிறார். விலங்கு சாப்பிடாமல் கிடப்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான். மேலே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசாமல் இருப்பவரும் அவர்தான். அவருடைய உடல்நலமும் விலங்கின் உடல்நலமும் வேறு வேறு இல்லை. காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் ஒரு புலிக்குக் கொரோனா உறுதியானது, பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்றே கருதப்பட்டது.

இனி பதிவேடு. எங்கள் கோரிக்கையில் முதன்மையானதாக நாங்கள் கருதுவது இதைத்தான். ஒரு விலங்கு இறந்தால் வெளியே வரும் காரணம் பெரும்பாலும் “மாரடைப்பு” அல்லது “முதுமை”. எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும், அது வெளியே வருவதில்லை. பதிவேடுகள் ஒழுங்காகக் கிடைத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு 2008-ல் சயின்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 4,500-க்கும் மேற்பட்ட யானைகளின் விவரங்களை ஒப்பிட்டதில், ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானையின் இடைநிலை ஆயுள் (பாதி யானைகள் இறந்துவிடும் வயது) 16.9 ஆண்டு, கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவின் காட்டு யானைகளில் இயற்கையாக இறந்தவற்றுக்கு 56 ஆண்டு என்று தெரிந்தது. ஆசிய யானைக்குப் பூங்காவில் 18.9, மியான்மர் மரத்தொழிலில் வேலை செய்தவற்றுக்கே 41.7. மரம் இழுத்த யானை பூங்கா யானையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது! அந்தக் கணக்கில் பல பத்தாண்டுகளின் பழைய பதிவுகளும் சேர்ந்திருந்தன, இன்றைய நிலை எல்லா இடத்திலும் அதுவேதான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இன்றைய நிலை என்ன என்று தெரிந்துகொள்ளவும் பதிவேடுதானே வேண்டும்?

பிறப்புக்கும் இதே கணக்கு வேண்டும். குட்டி பிறந்தால் கூட்டம் வரும். வளர்ந்தபின் இடம் இருக்காது. 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்கா மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியை, ஆரோக்கியமாக இருந்தும், அதன் மரபணு இனப்பெருக்கத் திட்டத்துக்குத் தேவையில்லை என்று கொன்றது. உலகமே கொதித்தது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தப் பூங்கா அதை வெளிப்படையாகச் செய்தது. வெளியே தெரியாமல் கைமாறும் உபரி விலங்குகள் போய்ச் சேரும் இடங்களை நினைத்தால்தான் எங்களுக்குக் கவலை.

ஆகவே பின்வருவனவற்றைத் துறை செய்ய வேண்டும் எனக் கோருகிறோம். ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும், பாதியாவது பூங்கா மூடிய பிறகு, இரவுக் கூண்டுகளில். ஆய்வுக் குழுவில் அந்தப் பூங்காவோடு தொடர்பில்லாத, காட்டு விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு விலங்கும் நாளில் எத்தனை மணி நேரம் அடைந்து கிடக்கிறது என்பதை உரிம விண்ணப்பத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

பிறப்பு, இறப்பு, இடமாற்றம் ஆகியவற்றின் விவரங்களையும் பிரேதப் பரிசோதனை முடிவுகளையும் காலாண்டுக்கு ஒருமுறை துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சவாரி, வித்தை, குட்டிகளோடு படம் எடுத்தல் ஆகியவற்றை உரிம நிபந்தனையாகவே தடை செய்ய வேண்டும். குறைகளைத் தெரிவிக்கும் ஊழியரின் பெயரை வெளியிடாமல் அவரது வேலைக்குப் பாதுகாப்பு தர வேண்டும்.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. இருக்கும் கூண்டுகள் சரியாகும் வரை எந்தப் பூங்காவும் புதிய இனம் எதையும் வாங்க அனுமதிக்காதீர்கள். புது விலங்கு வந்தால் திறப்பு விழா நடக்கும், வடிகாலைச் சரிசெய்ததற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். நிதி எந்தப் பக்கம் போகும் என்பது இதிலிருந்தே தெரியும்.

நிலைமையைச் சீர்செய்ய முடியாத பூங்காக்களிலிருந்து விலங்குகளை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வரும். எளிதில்லைதான். இஸ்லாமாபாத் பூங்காவில் இருந்த காவன் என்ற யானை, குட்டியாக 1985-ல் அங்கே வந்தது. துணையாக இருந்த சகேலி 2012-ல் இறந்தபின் தனியாகத் தலையாட்டிக்கொண்டு நின்றது. உயர் நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்ட பிறகே, அந்த ஆண்டு நவம்பரில் விமானத்தில் கம்போடியாவின் சரணாலயத்துக்குப் போனது. முதிர்ந்த யானையையே விமானத்தில் ஏற்ற முடிந்திருக்கிறது. நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்காமல், எந்தெந்த விலங்குகளை இடம் மாற்ற வேண்டும், எங்கே மாற்ற முடியும் என்ற பட்டியலைத் துறையே இப்போது தயாரிக்கலாம்.

இந்த மனு கிடைத்ததற்கான ஒப்புகையையும், ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் எடுக்கப்படும் நடவடிக்கையை 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகவும் தெரிவிக்க வேண்டுகிறோம். நேரில் அழைத்தால் வரவும், ஆய்வுக் குழுவோடு இரவு நேரத்தில் உடன் செல்லவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காப் பார்வையாளர்கள் மற்றும் விலங்கு நல ஆர்வலர்கள்
(கையெழுத்துகள் இணைக்கப்பட்டுள்ளன)