'விஷவாயு தாக்கி' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி உயிரிழப்பவர்களைப் பற்றிய செய்தி, தங்கள் நாளிதழ் உட்பட எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில்தான் வருகிறது. 'கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது எதிர்பாராதவிதமாக விஷவாயு தாக்கியதில் மயங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற முயன்றவரும் பலியானார்.' ஊரும் பெயரும் மாறுகின்றனவே தவிர, வாக்கியம் மாறுவதில்லை. பள்ளியில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

'இறங்கியபோது' என்பது தன்வினை. அவராகவே வந்தார், அவராகவே மூடியைத் திறந்தார், அவராகவே இறங்கினார் என்ற எண்ணத்தை அது படிப்பவர் மனத்தில் ஏற்படுத்திவிடுகிறது. நடந்ததோ பிறவினை. வீட்டு உரிமையாளரோ, விடுதி நடத்துபவரோ, ஒப்பந்தக்காரரோ கூலி பேசி அவரை உள்ளே இறக்கியிருக்கிறார். ஙகர ஒற்றைக் ககர ஒற்றாக மாற்றி 'இறக்கியபோது' என்று எழுதினால் போதும், யார் இறக்கினார்கள் என்ற கேள்வி தானாக எழும். செய்தியாளரும் அதற்கு விடை தேடியாக வேண்டும்.

அடுத்து 'எதிர்பாராதவிதமாக'. யார் எதிர்பாராதது? காற்றுப் புகாத தொட்டியில் கழிவு மட்கும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உருவாகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவே இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்பத் திறனையே முடக்கிவிடும் என்பதால், உள்ளே இருப்பவருக்கு நாற்றம் குறைந்துவிட்டதாகத் தோன்றும் நேரமே பேராபத்தான நேரமாகும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போகிறவரும், அவரைத் தூக்கப் போகிறவரும் அடுத்தடுத்துச் சாய்வது இதனால்தான். இத்தனை ஆண்டுகளாக ஒரே விதமாக நடந்துவரும் ஒன்றை எதிர்பாராதது என்று எழுதுவது, இறக்கியவருக்கு நீதிமன்றத்துக்கு வெளியிலேயே வக்காலத்து வாங்குவதாகும்.

'விஷவாயு தாக்கி' என்ற தொடரில் கொலையாளியே கிடைத்துவிடுகிறார். வாயுவே எழுவாய். அதன் மீது வழக்குத் தொடர முடியாது என்பது பலருக்கும் வசதி. 'பலி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டுகிறேன். அதே நாளிதழில் பிரமுகர்கள் காலமாகிறார்கள், இயற்கை எய்துகிறார்கள், இறைவனடி சேர்கிறார்கள். தொட்டிக்குள் செத்தவர் மட்டும் பலியாகிறார். துக்கச் செய்தியை நல்ல சொல்லால் சொல்லும் மங்கல வழக்கைக்கூட நாம் ஆள் பார்த்துத்தான் வழங்குகிறோம்.

நயமாகச் சொல்வதற்கு நான் எதிரியல்லன். 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்', அதாவது அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லுக என்று தொல்காப்பியமே வழி வகுத்திருக்கிறது. நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றையும் தகுதி வழக்கு என்று ஒன்றாக வைக்கிறது. சபையில் கூசத்தக்கதை 'கால் கழுவி வந்தேன்' என்று மறைப்பதும், துக்க வீட்டில் 'செத்தார்' என்னாமல் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் கேட்பவர் மனம் நோகாதிருக்கச் செய்பவை. குழூஉக்குறியோ அப்படிப்பட்டதன்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது எதிரே அமர்ந்திருப்பவருக்கு விளங்கிவிடக் கூடாது என்பதற்காக. இன்றைய ஆட்சிமொழியின் இதமான சொற்களில் பெரும்பாலானவை மங்கலத்தின் உடை அணிந்த குழூஉக்குறிகள் என்பது என் கருத்து. மின்கட்டணத்தை உயர்த்திவிட்டு 'மாற்றியமைத்தல்' என்பதும், மதுக்கடைகளை நடத்தும் துறையின் பெயரில் 'மதுவிலக்கு' முதலிடம் பெறுவதும் சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடியவை. காவல்துறையினர் பிடித்துச் சென்றவர் 'கழிவறையில் வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டுடன் திரும்புவதைச் சிரித்துவிட்டு விடுவதற்கில்லை. நாம் அதையும் சிரித்துத்தான் விடுகிறோம்.

தொட்டி மரணங்களில் இந்தக் குழூஉக்குறி சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013இல் மற்றொரு சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டத்தின்படி, உரிய கருவிகளும் பாதுகாப்பு உடையும் கொடுத்து ஒருவரைக் கழிவு அகற்றச் செய்தால், அவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கிச் சுத்தம் செய்வதற்கு 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று தனிப்பெயர் உண்டு. இவ்வாறு பெயரைப் பிரித்து வைத்ததன் பயன் 2021இல் தெரிந்தது. கையால் மலம் அள்ளுவதால் இறந்ததாகத் தகவல் ஏதும் இல்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் அளித்தது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்களின் எண்ணிக்கையையோ அதே அமைச்சகம் வேறு தலைப்பின் கீழ் வெளியிட்டுவந்தது. அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பதால், ஒன்றிய அரசை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

பெயர் மாற்றங்கள் அனைத்தையும் இதே தட்டில் வைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். 'திருநங்கை' என்ற சொல்லை அச்சமூகத்தினர் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர். 'மாற்றுத்திறனாளி'யும் பெருமளவு அப்படியே. மாறாக, 2015இல் பிரதமர் பரிந்துரைத்த 'திவ்யாங்' (தெய்விக உறுப்பு உடையவர்) என்ற சொல்லை மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல எதிர்த்தன. தெய்வத்தன்மை வேண்டாம், சாய்தளப் பாதையும் வேலைவாய்ப்பும் தாருங்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 'துப்புரவுப் பணியாளர்' என்பவர் 'தூய்மைப் பணியாளர்' ஆனதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெயருடன் பணி நிரந்தரமோ கையுறையோ வரவில்லையெனில், அவர்கள் அதைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய மரணம் நேரும்போது, இறக்கியவர் யார், தொட்டி யாருடையது, கூலி பேசியவர் யார் என்பவை செய்தியின் முதல் பத்தியில் இடம்பெற வேண்டும். காவல்துறை வழக்கை எந்தப் பிரிவில் பதிந்தது என்பதையும் தவறாது குறிப்பிடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததா, அல்லது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவோடு நிறுத்தப்பட்டதா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தொகை குடும்பத்தாரின் கைக்கு வந்ததா என்று சில மாதங்கள் கழித்து ஒரு செய்தியாளரை அனுப்பிக் கேட்டு, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.