சுருண்டு வந்த நுனி

அன்புள்ள குமரா,

உன் இரண்டு கடிதங்களும் ஐந்து மாதமாக மேசை மேலேயே கிடக்கின்றன. திட்டாதே. இங்கே எல்லாரும் நலம். மணி இன்னமும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் மீன் பிடிக்க வருகிறான்.

இப்போது எழுதக் காரணம் போன ஞாயிறு. விடிகிற நேரம், பெரிய மீன் ஒன்று மாட்டியது. கம்பு வில்லாய் வளைந்தது, ரீல் கத்திக்கொண்டே ஓடியது. இருபது எண்ணுவதற்குள் எல்லாம் தொய்ந்துவிட்டது. "தூண்டில் நரம்பு அறுந்துபோச்சு" என்றான் மணி. சுற்றியெடுத்துப் பார்த்தால் நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. அறுந்த நரம்பு அப்படிச் சுருளாது. தூண்டில் முள்ளைக் கட்டியிருந்த முடிச்சு உருவிக்கொண்டது, குமரா. நான் போட்ட முடிச்சு.

இருட்டில் அவசரமாக மூன்றே சுற்று சுற்றி, எச்சில்கூடத் தடவாமல் வெடுக்கென்று இழுத்து, மிச்ச நுனியை ஒட்ட நறுக்கியிருந்தேன். மீன் போனதில் வருத்தமில்லை. வாயில் முள்ளோடு போயிருக்கிறதே, அதுதான் ஒரு வாரமாக உறுத்துகிறது. கரையில் நமக்கு அரை நிமிஷ வேலை, அதைச் சரியாகச் செய்யாததற்கு அது கஷ்டப்படுகிறது.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன். வளையத்தில் நுழைத்த நுனியை நரம்பின் மேலேயே சுற்றிப் போடுகிற நம் பழைய கிளிஞ்ச் முடிச்சில் குறையில்லை. நைலானுக்கு ஐந்து ஆறு சுற்று வேண்டும். தடித்த நரம்பானால் குறைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இறுகாது. நுனியை முள்ளின் வளையத்தை ஒட்டிய சின்னக் கண்ணியில் நுழைத்து, அப்போது உண்டாகிற பெரிய கண்ணியிலும் நுழைக்க வேண்டும். ஈரப்படுத்துவதைச் சடங்கு என்று நினைத்திருந்தேன். இல்லை. உலர்ந்த நைலானை இழுத்தால் உரசல் சூட்டிலேயே அது பலம் இழந்துவிடுகிறது. நனைத்து, மெதுவாக இறுக்கினால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஸ்பிரிங் போல வரிசையாக உட்காருகின்றன. ஏறியிருந்தால் நான் வெட்டிவிட்டு மறுபடி போடுகிறேன். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்குகிறேன்.

நீ பிரெய்டு நரம்புக்கு, அதுதான் மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்கிற நரம்புக்கு, மாறிவிட்டதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அதில் தயவுசெய்து கிளிஞ்ச் போடாதே. பிரெய்டு வழவழப்பு, வழுக்கிவிடும். பலோமர் என்கிற முடிச்சைப் போடு: நரம்பை இரட்டையாய் மடித்து வளையத்தில் நுழை, சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடு, மீந்த கண்ணிக்குள் முள்ளை முழுசாக விட்டு எடு, நனைத்து இறுக்கு. அவ்வளவுதான். எண்ண வேண்டிய சுற்றே இல்லை. உன் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்டத்தில் இருப்பது மங்குகிறது என்றாயே, அதைப் படித்ததும் இந்த முடிச்சுதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன், பத்துக்கு எட்டு சரியாக வந்தது. கண்ணுக்காக மீன்பிடிப்பை விட்டுவிடுகிற பேச்சை இனி எடுக்காதே.

இதோடு தடித்த கயிற்றுத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். சாவி வளையத்தில் பலோமரைப் பாதி இறுக்கி விட்டிருக்கிறேன். பிரித்து, விரலால் தடவிப் பார்த்து, திரும்பக் கட்டு. வந்ததா என்று எழுது.

உன்,
செல்வம்