வேப்பமரத்தடிப் பெரியவருக்கு நன்றி

ஐயா, கடந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தை அடுத்த மைதானத்தில், லீக் கிரிக்கெட் ஆட்டங்களில் தேர்ந்த அணியொன்றுடன் நாங்கள் மோதியபோது நீங்கள் செய்த உதவிக்கு, உங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தவறிய குற்ற உணர்வோடு நன்றி தெரிவிக்கிறேன்.

டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடிப் பழகிய எங்களுக்கு, 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள, அதாவது டென்னிஸ் பந்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனமான தோல் பந்தே புதிது. கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம் அதைவிடப் புதிது. 12 ரன்களுக்குள் 4 விக்கெட்டுகளை இழந்த நிலையில், அடுத்து இறங்கவேண்டிய எங்கள் தம்பி ஹெல்மெட் பட்டை அறுந்து திகைத்து நின்றபோது, வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த நீங்கள் எழுந்து வந்து உங்கள் பையிலிருந்த பழைய ஹெல்மெட்டைக் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, "பாய் விரிப்பில் பந்து நீ நினைப்பதைவிட உயரமாக எழும், தம்பி, முன்னே பாய்ந்து தேடாதே, பின்னங்காலில் நின்று அது வந்தபின் ஆடு" என்று நீங்கள் சொன்னதுதான். அவன் 31 ரன்கள் எடுத்தான். அணி 97 வரை சென்றது. எதிரணியினர் 11 ஓவர்களிலேயே வென்றுவிட்டார்கள் என்பது வேறு கதை.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு உங்களைக் காணவில்லை. உங்கள் ஹெல்மெட் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது; வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு அதே மரத்தடியில் அதனுடன் காத்திருப்போம்.