காருக்கா, ஆளுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வைத்திருப்பவர்கள் செலவைக் குறைப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழியில் வண்டி நின்றுபோனால் உதவி கிடைக்கும் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் வசதி இன்சூரன்ஸிலேயே இருக்கும்போது, அதே உதவியை உறுப்பினர்களுக்குத் தரும் மோட்டார் கிளப்புக்குத் தனியாகச் சந்தா கட்டுவது வீண் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கிளப் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டேன். விட்ட நாலாவது மாதமே நடுராத்திரியில் சாலையோரம் நின்றதால் இதை எழுதுகிறேன்.

என் கார் சர்வீஸில் இருந்தது. மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. முதலில் பேட்டரி விளக்கு எரிந்தது, அப்புறம் ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. கவலைப்படாமல் என் இன்சூரன்ஸ் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் முதலில் கேட்டதே வண்டி எண்ணைத்தான். சொன்னேன். "இந்த வண்டி உங்க பாலிசியில இல்லையே சார்" என்றார். சரி, மைத்துனரின் பாலிசியில் பார்க்கலாம் என்று அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், பிரீமியம் குறையட்டும் என்று அந்த வசதியையே நீக்கிவிட்டாராம். அதுவும் நான் சொன்ன யோசனையைக் கேட்டு!

கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். இன்சூரன்ஸ் தரும் உதவி பெரும்பாலும் பாலிசியில் உள்ள காருக்கு. கிளப் தருவது பல இடங்களில் ஆளுக்கு. அமெரிக்காவின் ஏஏஏ கிளப்பில் உறுப்பினர் யார் காரில் போனாலும், ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்கூட, உதவி கேட்கலாம். பிரிட்டனின் ஏஏ, ஆர்ஏசி கிளப்புகள் இரண்டும் வண்டிக்கு, ஆளுக்கு என்று இரண்டு விதமாகவும் விற்கின்றன, அதனால் கிளப் என்றாலே ஆளுக்குத்தான் என்று நம்பிவிடவும் கூடாது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பழையது. கிளப்புகளை ஆரம்பித்ததே வண்டி ஓட்டியவர்கள்தான். 1905இல் ஏஏ தொடங்கப்பட்டது, வேகமாகப் போகிறவர்களைப் போலீஸ் மறைந்திருந்து பிடிப்பதிலிருந்து உறுப்பினர்களைக் காப்பாற்ற. ஜெர்மனியின் ஏடிஏசி 1903இல் மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கமாகப் பிறந்தது. அவர்கள் கணக்கு உறுப்பினரிடமிருந்து தொடங்குகிறது, இன்சூரன்ஸ்காரர் கணக்கு வண்டி எண்ணிலிருந்து.

இதற்காகக் கிளப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். எந்த நம்பருக்கு அழைத்தாலும் கடைசியில் வருவது, நின்ற வண்டியை இழுத்துப்போகும் அதே ஒப்பந்த டோயிங்காரராக இருக்கலாம். பிரிட்டனில் அடிப்படைத் திட்டம் எடுத்தால் வீட்டிலிருந்து கால் மைலுக்குள் வண்டி நின்றுபோனால் உதவி கிடையாது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஏடிஏசியின் கணக்கில் வண்டி நின்றுபோகும் காரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் பேட்டரிதான். பேட்டரி உயிரை விடுவது எங்கே? ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் நின்ற காரில், காலையில் சாவியைத் திருப்பும்போது. டோயிங் தூரமும் அப்படித்தான். ஏஏஏவின் கீழ்த்தட்டு உறுப்பினருக்குச் சில மைல்தான் இழுத்துப்போவார்கள், பிளஸ் வகையில் 100 மைல். பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்குமா, நாம் சொல்லும் இடம் வரைக்குமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் பக்கம் கேட்க வேண்டியவை வேறு. சில நிறுவனங்கள் ஆளை அனுப்பாது, நாமே பணம் கொடுத்துவிட்டு பில் அனுப்ப வேண்டும். சில நிறுவனங்கள் ஒவ்வொரு அழைப்பையும் பதிவில் ஏற்றி வைக்கும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸை அது தொடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொல்வதை நம்பாதீர்கள். மின்சாரக் கார் என்றால் நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப்போகும் பிளாட்பெட் வருமா என்பதும் முக்கியம், ஏனென்றால் மோட்டாரோடு சேர்ந்த சக்கரங்களை உருட்டி இழுத்தால் மோட்டார் கெட்டுப்போகலாம். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை, பசை டப்பாவும் காற்றடிக்கும் பம்பும்தான் தருகிறார்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை ஒன்றுக்கும் உதவாது. (ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஒரு தெருப் பெயரிலிருந்து வந்தது. 1904இல் அங்கேதான் அதைச் செய்தார்கள். தெருப்பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது, சக்கரம்தான் டிக்கியிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.)

ஒரே கார், அதை ஓட்டுவதும் நீங்கள் மட்டும்தான், அதிக தூரம் போவதில்லை, அடுத்தவர் வண்டியைத் தொடுவதில்லை என்றால் கட்டுரை சொன்னது சரிதான், இன்சூரன்ஸ் வசதியே போதும். புதிய கார் என்றால் அதற்கும் முன்னால் வாரண்டியைப் பாருங்கள், கார் கம்பெனியே சில வருடங்களுக்கு இந்த உதவியைத் தந்திருக்கும். ஆனால் வீட்டில் மூன்று பேர் ஓட்டுகிறார்கள், கல்லூரிக்குப் போகும் பெண் நண்பர்கள் காரில் சுற்றுகிறாள், நீங்கள் அடிக்கடி வாடகைக்கார் எடுக்கிறீர்கள் என்றால் ஆளுக்கு எடுப்பதுதான் லாபம். நான் திரும்பக் கிளப்பில் சேர்ந்துவிட்டேன், என் பாலிசியிலிருந்து அந்த வசதியை நீக்கியும் விட்டேன்.

மைத்துனர் நேர்மாறாக, தன் பாலிசியில் அதை மறுபடி சேர்த்துக்கொண்டார். அன்று ராத்திரி நான் கைக்காசு கொடுத்த டோயிங் செலவை மட்டும் அவர் இன்னும் தரவில்லை. யோசனை சொன்னது நான் என்பதால் கேட்கவும் வாய் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்