‘நிரூபித்துவிட்டது’ என்ற சொல் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்ந்தவர்களின் மூளை இனி மாறாது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாகக் கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. அதையே நானும் கரும்பலகையில் எழுதியவன்தான். சாதாரண தர வகுப்புகளுக்கு 22 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். ‘செத்த மூளைக் கலம் திரும்ப முளைக்காது’ என்று எழுதி, அடியில் கோடும் இழுப்பேன்.

2009 இல் எனது இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வலி போகவில்லை. பின்நேரங்களில் இல்லாத பெருவிரல் உள்ளே மடங்கி இறுகும். நீவிவிட விரல் எங்கே? பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பாயைத் தடவிக்கொண்டிருப்பேன். மருந்துக்குப் போன இடத்தில், “அது மனப்பிரமை மாஸ்டர், பழகிக்கொள்ளுங்கோ” என்றார்கள்.

சில வருடம் கழித்து, பயிற்சி தர வந்த ஒரு பிள்ளை எங்கள் அலுமாரிக் கதவின் நீட்டுக் கண்ணாடியைக் கழற்றி, என் கால்களுக்கு நடுவே நிறுத்தினார். குறைக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வலது காலை அசைத்தேன்; கண்ணாடிக்குள் இடது கால் அசைந்தது. விரல்களை விரித்தேன். மடங்கிக் கிடந்த பெருவிரலும் விரிந்தது! அன்று அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. மாறாது என்று நான் கோடு இழுத்த அதே வளர்ந்த மூளைதான் அன்று மாறிக் காட்டியது என்று நினைத்தேன். தமிழ்நாட்டில் பிறந்த மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களுக்காக 1990களில் செய்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த வழி இது. இந்த வைத்தியம் எல்லாருக்கும் கேட்காது. என்னோடு செய்த இன்னொருவருக்கு ஒரு சுகமும் இல்லை.

முதிர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்று எழுதியவர் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் விஞ்ஞானி காஹால், 1906 இல் நோபல் பரிசு பெற்றவர். முடியுமானால் இந்தக் கடும் தீர்ப்பை வருங்கால விஞ்ஞானம் மாற்றட்டும் என்றும் அவரே சேர்த்து எழுதினார். என் கரும்பலகைக்கு முதற்பாதி மட்டும்தான் வந்து சேர்ந்தது. முதிர்ந்த மனித மூளையில் புதுக் கலங்களைக் கண்டோம் என்று 1998 இல் ஒரு குழு சொன்னது. தேடினோம், காணவில்லை என்று 2018 இல் இன்னொரு குழு சொன்னது. வழக்கு இன்னும் நடக்கிறது.

இதைச் சாட்டாக வைத்து, ‘விஞ்ஞானத்துக்கு என்ன தெரியும்’ என்று எண்ணெய் விற்க வருபவர்களுக்கு என் முற்றத்தில் கதிரை போடமாட்டேன். கண்ணாடியைச் சோதித்துப் பார்த்ததும் விஞ்ஞானம்தான்.

‘இன்றுவரை தெரிந்த அளவில்’ என்று மூன்று சொல் போட உங்கள் பக்கத்தில் இடமிருக்கும். என் பழைய மாணவர்களும் அதை வாசிக்கிறார்கள். அவர்களிலும் கை, கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கோடு இழுத்துப் படிப்பித்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
விசுவமடு.