ஞாயிறு தோட்டப்பள்ளி பயணம்: வருகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஞாயிறு காலை 5 மணிக்குக் களியக்காவிளையிலிருந்து வேன் புறப்படும். இருட்டாக இருக்கும், பிள்ளைகளை முந்தின இரவே சீக்கிரம் தூங்க வையுங்கள்.

ஆலப்புழை மாவட்டத்தில் இருக்கும் தோட்டப்பள்ளி ஸ்பில்வேயில் (வெள்ளத்தை வெளியேற்றும் மதகு அணை) மொத்தம் 40 ஷட்டர்கள். பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளின் வெள்ளத்தைக் கடலுக்குத் திருப்பிவிட 1955-இல் கட்டினார்கள். அந்த ஆறுகள் பாயும் குட்டநாட்டு வயல்கள் பலவும் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. வெள்ளம் வடியாவிட்டாலும் நெல் போச்சு, உப்புத்தண்ணீர் உள்ளே ஏறினாலும் போச்சு. நம்ம ஊர் பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மாதிரியே அங்கேயும் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்குப் போகும். கடலோரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் இதை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

வயல் பக்கம் கொக்கு, நீர்க்காகம் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். கத்த வேண்டாம், பறவைகள் பறந்துவிடும். மேலே பாலத்தில் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது, சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. கடலில் இறங்க வேண்டாம்.

அப்புறம் கருமாடிக்குட்டன் புத்தர் சிலை, சாயங்காலம் ஆலப்புழை கடற்கரை. மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் சொல்லுங்கள்.